நாலு கால் சங்கிலியும் ஒரு பி.காம்.காரனும்

எங்கள் வீட்டில் சங்கிலி வாங்கத் தெரிந்த ஒரே ஆள் என் அம்மா.

தங்கை கல்யாணத்துக்காக 2013-ல் தி.நகர் போயிருந்தோம். சேல்ஸ்மேன் "லேட்டஸ்ட் டிசைன்மா..." என்று ஆரம்பிப்பதற்குள், அம்மா செயினைத் திருப்பி, கொக்கிப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "916 எங்கேப்பா?" என்றாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். பார்த்தாள். அப்புறம் எடை. அப்புறம் சேதாரத்தில் பேரம். கடைசியில் பில். அம்மா ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள்.

அடியேன் பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ். அதே வருஷம் நானும் ஒரு சங்கிலி வாங்கினேன். முத்திரை பார்க்கவில்லை. எடை பார்த்தேன், விலை பார்த்தேன், கம்பெனிக்குப் பதினோராயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்தப் பதினோராயிரத்துக்கு ஒரு பையனின் உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

* * *

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். முதலாளி இன்னும் வாரப் பத்திரிகை படிக்கிற பழக்கத்தை விடவில்லை என்று கேள்வி. என் பதவி, ஸ்டோர்ஸ் அண்ட் பர்ச்சேஸ் அசிஸ்டெண்ட். அசிஸ்டெண்ட் என்றால் மேலே ஒரு ஆபீஸர் இருப்பார் என்று நினைப்பீர்கள். கிடையாது. கீழேயும் யாரும் கிடையாது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மேஜைக்கடியில் ஒரு பூனை.

எங்கள் ஏரியாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் ஸார். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. ரோடு நெடுக இரும்போடும் மெஷினோடும் பழகிய பூமி. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கார் செய்த பெருங்களத்தூர் இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகள். சானடோரியத்தில் மெப்ஸ் வந்தது 1984-ல். இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, சந்துக்குச் சந்து எங்களை மாதிரி தகர ஷெட் கம்பெனிகள். வெல்டிங் பொறி பறக்க, கட்டிங் மெஷின் அலற, உச்சியில் 5 டன் கிரேன் ஒன்று தேமேயென்று நகர்ந்துகொண்டிருக்கும்.

அந்தக் கிரேனுக்குக் கீழே ராஜா எங்கள் கலாசிப் பெரியவர். சாமான்களுக்குச் சங்கிலி மாட்டி, கிரேன்காரருக்குக் கைஜாடை காட்டித் தூக்க வைப்பவர்தான் கலாசி. இவர் ஹார்பரில் பல வருஷம் இருந்தவர். காக்கி டிராயர், தோளில் துண்டு, வாயில் விசில். கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. மதியச் சாப்பாடு அதில்தான்.

ஒருநாள் ஃபோர்மேன் இண்டெண்ட் அனுப்பினார். 'செயின் ஸ்லிங். 4 கால், 10 எம்.எம்., 2 மீட்டர், கிரேடு 80. டேக், டெஸ்ட் சர்டிஃபிகேட்டுடன். எண்ணிக்கை 1.'

ஸ்லிங் என்றால் தெரியாதவர்களுக்கு: மேலே ஒரு பெரிய வளையம். அதிலிருந்து சங்கிலிகள் கால் மாதிரி தொங்கும். ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரு கொக்கி. வளையம் கிரேனில், கொக்கிகள் சாமானில். அவ்வளவுதான் சமாசாரம்.

இண்டெண்டில் 4 புரிந்தது. 10 புரிந்தது. 2 புரிந்தது. 80 மட்டும் புரியவில்லை. புரியாததைக் கேட்டால் பி.காமுக்கு என்ன மரியாதை? ஃபோர்மேன் வேறு அன்றைக்கே பத்து நாள் லீவில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு கம்பெனிகளில் கொட்டேஷன் வாங்கினேன். இரண்டுமே பதினெட்டாயிரத்தைத் தொட்டன. ஒரு சங்கிலிக்கா? மின்சார ரயில் ஏறி கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, ஜார்ஜ் டவுன் செம்புதாஸ் தெருவுக்கு நடந்தேன். போயிருக்கிறீர்களா? பைப், வால்வு, போல்ட், நட், வயர் ரோப் என்று இரும்பில் என்னவெல்லாம் உண்டோ, அத்தனையும் அந்த வட்டாரத்தில் கிடைக்கும். கடை வாசலில் சங்கிலிகள் பூக்கடை மாலை மாதிரி தொங்கும்.

"10 எம்.எம். செயின் கிலோ என்ன விலைங்க?"

கடைக்காரர் நல்ல மனுஷர். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. "எதுக்கு ஸார்?" என்றார்.

"செயின் எதுக்கு? கட்டறதுக்குத்தான்!" என்றேன் கெத்தாக.

"கட்டறதுக்குன்னா இது தாராளம்" என்று ஒரு சங்கிலியை எடுத்துத் தராசில் போட்டார்.

லாரியில் சாமானைக் கட்டுவது வேறு, தலைக்கு மேலே தூக்குவது வேறு. 'கட்ட', 'தூக்க' என்று இரண்டு மூன்றெழுத்துச் சொற்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஆளின் ஆயுசு இருக்கிறது என்று எனக்கு எந்த காமர்ஸ் வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

சங்கிலியைக் கொண்டுவந்து, எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறையில் வளையமும் கொக்கிகளும் ஒட்டவைத்தேன். மொத்தச் செலவு ஏழாயிரம். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். இன்க்ரிமெண்ட் நேரம் வேறு. தங்கை கல்யாணக் கடனில் என் பங்கை மனசுக்குள் அடைத்தே விட்டேன்.

பெரியவர் மட்டும் அந்தச் சங்கிலியை மடியில் போட்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலால் உருட்டிப் பார்த்தார், ஜபமாலை உருட்டுகிற மாதிரி.

"இன்னா தம்பி, இதுல நம்பரே இல்லியே?"

"பில்லுல நம்பர் இருக்கு பெரியவரே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

* * *

பெரியவர் அதில் சின்னச் சின்னச் சாமான்களை மட்டும்தான் தூக்கினார். பெரியதுக்கெல்லாம் பழைய வயர் ரோப். அந்த ரோப்பில் இழைகள் அறுந்து முள் முள்ளாக நிற்கிறது என்று அவரே சொன்னார். உடனே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுக் காசாக்கினேன். புதிது வாங்கினேனா? அதுதான் புதுச் செயின் இருக்கிறதே!

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை. டிரெய்லர் வாசலில் நிற்கிறது. ஒரு மெஷினுக்கான இரும்பு பேஸ் ஃப்ரேம் அன்றைக்கே போயாக வேண்டும். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், எடை 2.8 டன். முதலாளி மாடியிலிருந்து, "என்னய்யா இன்னும் தூக்கலையா?" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

பெரியவர் நாலு கொக்கிகளையும் நாலு மூலையில் மாட்டினார். விசிலை ஊதி, "எல்லாரும் தள்ளு... தள்ளு... அப்பால போ!" என்று விரட்டினார். அந்த விரட்டலை நாங்கள் எப்போதும் கிண்டல் செய்வோம். வெறும் பெட்டியைத் தூக்கினாலும் அதே விரட்டல்தான்.

ஃப்ரேம் எழும்பியது. ஒரு அடி... மூன்று அடி... டிரெய்லர் பக்கமாக நகர ஆரம்பித்தது. அப்போது ஹெல்ப்பர் பையன், பத்தொன்பது வயசு, நகர்கிற வழியில் பெரியவரின் தூக்குச்சட்டி இருப்பதைப் பார்த்துவிட்டான். 'பெரியவர் சாப்பாடாச்சே' என்ற நல்லெண்ணத்தில் குனிந்து ஓடினான்.

பெரியவர் கத்தவில்லை. ஒரே தாவல். சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள்.

'டங்' என்று ஒரு சத்தம். கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி. ஒரு கண்ணி வாய் திறந்துகொண்டது. ஃப்ரேம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்னொரு கொக்கியின் வெல்டிங்கும் விட்டு, தரை அதிர விழுந்தது.

தூக்குச்சட்டி அப்பளம் ஆகிவிட்டது. அதிலிருந்து கருவாட்டுக் குழம்பு மட்டும் மெள்ளக் கசிந்து வந்தது. பையன் முதலில் சிரித்தான். அப்புறம் நிறுத்த முடியாமல் அழுதான்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது.

* * *

திங்கட்கிழமை பெரியவர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். அடிப்பாரோ என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒரு வாளி நிறையத் தண்ணீர். பிடியில் இரண்டு கயிறு. ஒன்றை என் கையில் கொடுத்தார், ஒன்றை அவர் பிடித்தார். "தூக்கு!"

பக்கத்தில் பக்கத்தில் நின்று தூக்கினோம். சுலபம்.

"ஒரு அடி பின்னால போ." போனேன். கொஞ்சம் கனத்தது. "இன்னும் ஒண்ணு." கை இழுத்தது. "இன்னும்." தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆகிவிட்டது. வாளி அதே வாளி. தண்ணீர் அதே தண்ணீர். ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை.

"இன்னாபா, கணக்குப் படிச்சவன்தானே நீ? பாதி பாதிதானே? ஏன் மூஞ்சி அப்டிப் போவுது?"

அன்றைக்கு ராத்திரி காகிதம் பென்சிலோடு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் காஸ் தீட்டா என்று ஒன்று வந்து பயமுறுத்துமே, அது இத்தனை வருஷம் கழித்துத் தாம்பரத்தில் வந்து என் கதவைத் தட்டியது. வாளி இருபது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறுகள் நேராக நின்றால் ஆளுக்குப் பத்து. கயிறு செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்தால் ஆளுக்குப் பதினாலு. 60 டிகிரி சாய்ந்தால் ஆளுக்கு இருபது!

மறுபடி படியுங்கள். இரண்டு பேர் தூக்குகிறார்கள், ஒவ்வொருத்தனும் முழு வாளியின் பாரத்தையும் தூக்குகிறான். 80 டிகிரி போனால் ஆளுக்கு ஐம்பத்தேழு கிலோ. நான் படித்த டபுள் என்ட்ரியில் இதற்குப் பக்கமே கிடையாது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கொடிக்கயிறு ஞாபகம் வந்தது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரப் போர்வையைப் போட்டதும் நடுவில் தொய்ந்தே தீரும். தொய்யாமல் நேராக நிறுத்தும் அளவுக்கு இழுக்க உலகத்தில் யாராலும் முடியாது.

கல்யாணக் கடன் விஷயத்தில் நானும் அண்ணனும் அப்போது ஆளுக்கொரு பக்கமாக முறைத்துக்கொண்டு விலகி நின்றோம். பாரம் ஏன் இருவருக்குமே இரட்டிப்பாகத் தெரிந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அது தனிக் கதை, விடுங்கள்.

லீவு முடிந்து வந்த ஃபோர்மேன் திட்டவில்லை. அதைவிட மோசம், ஒரு கேட்லாக்கை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதைப் படித்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களில் யாராவது என்னைப் போல ஒரு பர்ச்சேஸ் நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தால் உதவும்.

எனக்குப் புரியாத அந்த 80 இருக்கிறதே, அதுதான் சங்கிலியின் 916. அலாய் ஸ்டீலில் செய்து, காய்ச்சி, தணித்து, பதம் ஏற்றிய சங்கிலி. கண்ணிகளின் மேல் 8 அல்லது 80 என்று இடைவெளி விட்டுப் பொறித்திருப்பார்கள். கிரேடு 80-ல் 10 எம்.எம். சங்கிலியின் ஒரு கால் 3.15 டன் தூக்கலாம். கிரேடு 100 என்றால் அதே தடிமனில் 4 டன். அறுவது அதைப்போல நாலு மடங்கு பாரத்தில்தான். 'அப்படியானால் பன்னிரண்டு டன் தூக்கலாமே' என்று புத்திசாலித்தனமாகக் கேட்காதீர்கள். அந்த நாலு மடங்கு, கிரேன்காரர் வெடுக்கென்று இழுப்பதற்கும், தேய்மானத்துக்கும், உங்களுக்கும் எனக்கும் தெரியாத மற்ற தப்புகளுக்கும்.

இன்னொரு குணமும் உண்டு. நல்ல கிரேடு 80 சங்கிலி அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காவது நீளும். 'அப்பா, என்னால் முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகும். நான் வாங்கியது சொல்லாமல் கொள்ளாமல் போகிற ரகம்.

இந்தச் 'சொல்லாமல் போகிற' தொல்லை பழசு. ஜெர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலி திடீர் திடீரென்று அறுந்து விழ, வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி 1834-ல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு செய்தார். இன்றைய வயர் ரோப்புக்கு அதுதான் பாட்டன். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு. கயிற்றில் பத்து இழை போனாலும் மிச்ச இழை தாங்கும், அறுந்த இழை கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கும். எங்கள் பழைய ரோப் அப்படித்தான் முள் முள்ளாக நின்று எச்சரித்தது. நான் எச்சரிக்கையைக் கிலோ விலைக்கு விற்றேன்.

அப்படியானால் சங்கிலி எதற்கு? சூட்டுக்கும், முரட்டு விளிம்புக்கும், தினசரி அடி உதைக்கும் சங்கிலிதான் தாங்கும். பெயிண்ட் அடித்துப் பளபளக்கிற சாமானுக்குத் துணிப் பெல்ட் போதும். அதில் நிறமே பேசும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3.

சங்கிலி என்று முடிவானால், கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

எவ்வளவு எடை? உத்தேசம் கூடாது. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லி மீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. 10 மில்லி மீட்டர் என்றால் 78.5 கிலோ. நமக்குத்தான் பெருக்கல் தெரியுமே!

எத்தனை கால்? இங்கேதான் பி.காம்.காரன் வழுக்கி விழுவான். ஒரு காலுக்கு 3.15 டன், நாலு காலுக்கு 12.6 டன் என்று எழுதுவான். தப்பு! நாலு காலுக்கு 6.7 டன்தான். ஏனென்றால் இரும்பு ஃப்ரேம் வளையாது. காலின் நீளத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் இரண்டு கால்கள் பாரத்தைச் சுமக்கும், மற்ற இரண்டும் கூட்டத்தில் கைதட்டுகிற ஆள் மாதிரி சும்மா தொங்கும். அதனால் நாலு காலுக்கும் மூன்று காலுக்கும் ஒரே கணக்கு.

எவ்வளவு விரிப்பு? அந்த 6.7 டன்கூட செங்குத்திலிருந்து 45 டிகிரி வரைக்கும்தான். 45-லிருந்து 60 வரை 4.75 டன். 60-ஐத் தாண்டினால் தூக்கவே கூடாது. நீளமான கால் வாங்குங்கள், விரிப்பு குறையும்.

எங்கே உரசும்? கத்தி மாதிரி விளிம்பில் சங்கிலி மடங்கினால் பலம் பாதி என்று வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் விளிம்புக்கு ஒரு மெத்தை வைக்க வேண்டும்.

எவ்வளவு சூடு? கிரேடு 80, 200 டிகிரி செல்சியஸ் வரை முழு பலம். 300 வரை பத்தில் ஒன்பது பங்கு. 400 வரை முக்கால். அதற்கு மேல் கிட்டவே போகக் கூடாது. ஆசிட் தொட்டிப் பக்கமும் காட்டக் கூடாது. ஆசிட் பட்டால் உள்ளுக்குள் நொறுங்கிப்போகிற ஜாதி இது. வெல்டிங்கும் கூடாது. பதம் ஏற்றிய சங்கிலியில் நெருப்பு வைத்தால் ஏற்றிய பதம் இறங்கிவிடும். கொக்கியும் வளையமும் அதற்கென்று இருக்கிற கப்ளிங்கில்தான் சேர வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அல்ல.

ஐந்துக்கும் பதில் கிடைத்தபின் பார்க்க வேண்டியவை: கண்ணியில் நம்பர், வளையத்தில் டேக், கையில் சர்டிஃபிகேட். டேக்கில் எத்தனை கால், எந்தக் கோணத்தில் எத்தனை டன் என்று இருக்க வேண்டும். வாங்கிய பிறகும் கண்ணி பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், கீறினால், நீண்டால், கொக்கியின் வாய் விரிந்தால் தள்ளிவிட வேண்டும். நான் வேலை பார்த்த நாளில் நடப்பில் இருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ம் பிரிவு இதையெல்லாம் சொன்னது: தூக்குகிற சங்கிலியில் எத்தனை டன் என்று குறித்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ளவர் சோதித்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ரிஜிஸ்டர் எங்கள் ஸ்டோர்ஸிலும் இருந்தது. பூனை அதன்மேல்தான் தூங்கும்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு எங்கள் ஃப்ரேமுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூலைவிட்டத்தில் பாதி சுமார் 1.68 மீட்டர், கால் நீளம் 2 மீட்டர். சாய்வு 57 டிகிரி. இரண்டு கால் மட்டும் சுமந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஃபோர்மேன் எழுதிக் கொடுத்த சங்கிலியை அப்படியே வாங்கியிருந்தால் அந்தக் கோணத்தில் 4.75 டன் தாங்கும். 2.8 அதற்கு ஜுஜுபி. மாட்டிய விதத்தில் பெரியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. தப்பு முழுக்க என் பர்ச்சேஸ் ஆர்டரில்.

* * *

இங்கே முடித்திருந்தால் நான் நல்லவன். முடியவில்லை.

அடிபட்ட ஃப்ரேமைச் சரிசெய்ய மூன்று வாரம். தாமதத்துக்குக் காரணம் கேட்டு வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரிக்கிங் மிஸ்டேக்னு ஒரு ரிப்போர்ட் அடிச்சிடு. அந்தக் கிழவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு. வயசானவர், கண்ணு சரியில்லேன்னு போயிடும்" என்றார்.

அடித்தேன். பொய் சொல்லுவானேன், அடித்தேன் ஸார். இன்க்ரிமெண்ட், கல்யாணக் கடன், அண்ணனின் முறைப்பு எல்லாம் கண் முன்னால் வந்தன. அழகான இங்கிலீஷில், முறையற்ற விதத்தில் சங்கிலியை மாட்டியதால் என்று அடித்து, பிரிண்ட் எடுத்து, பெரியவரிடம் நீட்டினேன்.

புதுசாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "இன்னா எழுதிக்கீது? கொஞ்சம் படிச்சுக் காட்டு தம்பி."

படிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. முதல் வரியைத் தமிழில் சொல்லிவிட்டேன், 'சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு'. அடுத்த வரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"குடு, போட்டுர்றேன். உனக்குத் தங்கச்சி கல்யாணம்னு சொன்னியே" என்றார்.

அவர் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். மாடிக்குப் போய் வேறொன்று அடித்தேன். இண்டெண்டில் கேட்டது ஒன்று, ஸ்டோர்ஸ் வாங்கியது வேறு. கீழே என் கையெழுத்து. இண்டெண்ட் நகல், பில் நகல் இரண்டையும் கூடவே குத்தினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே அனுப்பவில்லை. அந்த வருஷ இன்க்ரிமெண்ட் மட்டும் போயிற்று. ஆனால் அடுத்த வாரமே நம்பர் போட்ட சங்கிலி வந்தது, டேக்கோடு, சர்டிஃபிகேட்டோடு. பெரியவர் அதை மடியில் போட்டு ஒவ்வொரு கண்ணியாக உருட்டினார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, 8 தெரியும் அவருக்கு.

அந்த நசுங்கின தூக்குச்சட்டியை ஃபோர்மேன் என் மேஜைக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டார். 2016-ல் வேலையை விட்டுவிட்டு எழுத்துப் பக்கம் வந்தபோது, அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டது பெரியவரிடம். எடுத்துக் கையில் கொடுக்குமுன் அதன் கழுத்துப் பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். நசுங்கினதில் தப்பித்த ஒரு மூலையில் புள்ளி புள்ளியாக அவர் மனைவி பெயர்.

"பாரு தம்பி. சோறு தூக்கினு வர்ற சட்டிக்கே பேரு வெட்டித்தான் வாங்குறோம். ஆளுங்க தலைக்கு மேல தூக்குற செயினுக்கு நம்பர் வேணாமா?"

சட்டி இப்போது என் எழுத்து மேஜைமேல்தான் இருக்கிறது. அம்மா அதைப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுவிட எத்தனையோ தடவை முயற்சி செய்துவிட்டாள். ஒருநாள் விஷயத்தை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, கழுத்திலிருந்த தன் பழைய சங்கிலியைத் தடவிக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்லடா?"